தாளில் இல்லாத நம்பர்

ரயில்வே கேட்டை எப்படி அடைப்பது, கொடியை எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதையே நான் மறுபடி சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள், எனக்கும் தூக்கம் வரும். அவர்கள் சொல்லாத ஒன்று உண்டு. கேட்டில் நிற்கிற ஆள் நின்ற இடத்திலேயே காணாமல் போனால் என்ன செய்வது என்பது. எனக்கு அது நடந்தது. என் பெயர் தாசையன். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட்டில் இருபத்திரண்டு வருஷம் நின்றேன். எந்தக் கேட் என்று தேட வேண்டாம், இன்றைக்கு அங்கே பாலம்தான் இருக்கிறது.

ஒரு விஷயத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் கேட் பழைய மாதிரி. கேட் திறந்து கிடக்கிறதா, அடைந்து கிடக்கிறதா என்று சிக்னலுக்குத் தெரியாது. ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கும் மாஸ்டருக்கும் தெரியாது. அவர் போனில் கூப்பிட்டு வண்டி வருகிறது என்பார். நான் போய்க் கேட்டை அடைத்துப் பூட்டிவிட்டு வந்து, என்னிடம் இருக்கும் தாளில் அடுத்த நம்பர் எதுவோ அதைச் சொல்லி, அதன் மேல் கோடு போடுவேன். எல்லாம் இரண்டு இலக்க நம்பர். அது காதில் விழுந்தால்தான் அவர் வண்டியை விடுவார். சோம்பேறிகள் சிலர் முதலில் நம்பரைச் சொல்லிவிட்டு அப்புறம் கேட்டை அடைக்கப் போவார்கள். அப்படிப்பட்டவனை நான் மனுஷனாகவே மதித்ததில்லை. அதை வாய் ஓயாமல் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டும் இருந்தேன். என்னுடைய இந்த வாயைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள்.

முதல் தடவை நடந்தது ஒரு மாசி மாத மத்தியானம். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தேன். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். திடீரென்று கருப்பட்டி காய்ச்சுகிற மணம் வந்தது. சுற்றுவட்டாரத்தில் கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் யாரும் கிடையாது. எங்கிருந்து வருகிறது என்று மூக்கைத் தூக்கினேன். அப்போது போன் அடித்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அடுத்து எனக்குத் தெரிந்தது, என் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. வெளியே குழாயடியில் நிற்கிறேன். பாத்திரம் கழுவிக் கல்லின் மேல் கவிழ்த்து வைத்திருக்கிறது. கேட் திறந்து ஆட்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். உள்ளே ஓடிப்போய் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். வண்டி போயிருக்கிறது. கேட் அடைத்த நேரம், திறந்த நேரம், நம்பர் எல்லாம் என் கையெழுத்தில் இருக்கின்றன. கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன், பதினொரு நிமிடம். அந்தப் பதினொரு நிமிடம் எனக்கு இல்லை. மீன்கறி தின்ற ருசிகூட வாயில் இல்லை.

பயந்தேனா என்றால், பயந்தேன். ஆனால் கால்மணி நேரத்தில் அந்தப் பயத்துக்கு ஒரு நல்ல பெயர் வைத்துவிட்டேன். அனுபவம் என்று. இத்தனை வருஷம் செய்த வேலை, கை தானாகச் செய்கிறது, மனசு எங்கேயோ போனாலும் ரிஜிஸ்டரில் ஒரு பிழை இல்லை பார், என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொடுத்தேன். அன்றே டாக்டரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

இனி மணியனைச் சொல்ல வேண்டும். ஆட்டோ ஓட்டுகிறவன், கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு. தினமும் மத்தியானம் நர்சரிப் பள்ளியிலிருந்து ஐந்து பொடிசுகளை ஏற்றிக்கொண்டு என் கேட்டைத் தாண்டிப் போவான். கேட் அடைத்துக் கிடந்தால் இறங்கி வந்து என்னிடம் வெற்றிலை கேட்பான், பிள்ளைகள் உள்ளே கத்திக்கொண்டிருக்கும். சித்திரை பிறந்து சில நாள் கழித்து அவன் வெற்றிலை கேட்காமல் என் முகத்தையே பார்த்தான்.

“அண்ணே, நேத்து எந்த வண்டியாக்கும் போச்சு?”

“எந்த வண்டி?”

“நீங்க கேட்ட அடச்சிய. நான் அங்கதான் நின்னேன். பத்து நிமிஷம் ஆச்சு, வண்டி ஒண்ணும் வரல்ல. நீங்க பச்சக் கொடியப் பிடிச்சிட்டு நின்னிய. பின்ன, வண்டி போறத பாக்கிய மாதிரி தலய மெள்ள மெள்ளத் திருப்பி அந்தக் கடைசி வர பாத்திய. அது களிஞ்சு கேட்டத் தொறந்து விட்டிய.”

“போலே, கிறுக்கன்” என்றேன். அவன் சிரிக்கவில்லை.

அவன் போனபிறகு ரிஜிஸ்டரைத் திருப்பினேன். முந்தின நாள் பக்கத்தில், எந்த வண்டியும் இல்லாத ஒரு நேரத்தில், ஒரு வண்டி எழுதியிருந்தது. வண்டி நம்பர் எழுத வேண்டிய இடத்தில் சும்மா ஒரு கோடு. மற்றதெல்லாம் ஒழுங்காக இருந்தது. அந்தப் பகல் வெளிச்சத்தில் எனக்குக் கையில் மயிர் குத்திட்டு நின்றது. வெளியே வந்து தண்டவாளத்தைப் பார்த்தேன். வெயிலில் பளபளவென்று, அப்போதுதான் எதுவோ ஓடிப்போன மாதிரி கிடந்தது.

வீட்டில் என் மனைவி ரோஸ்லெட்டிடம் பாதியைச் சொன்னேன். அவள் அக்கம்பக்கத்தில் முழுதாகச் சொன்னாள். அந்தக் கேட்டில் முன்பு எப்போதோ ஒரு பால்காரர் அடிபட்டுச் செத்திருக்கிறார். அது போதாதா? பால்காரரைக் கூட்டிப்போக ஒரு வண்டி வருகிறது, அது தாசையன் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறது என்று ஊர் முடிவு கட்டியது. எங்கள் சர்ச் சபையிலிருந்து நாலு பேர் வந்து வீட்டில் ஜெபம் பண்ணினார்கள். கேட்டுப் பக்கத்துக் கடைக்காரர் தன் பங்குக்குக் கேட் கம்பியில் ஒரு கறுப்புக் கயிறு கட்டினார். நான் இரண்டையும் தடுக்கவில்லை.

ஏன் தடுக்கவில்லை என்று இப்போது நேராகச் சொல்கிறேன். பேய் என்றால் வேலை போகாது. வியாதி என்றால் போகும். கேட்டில் நிற்கிறவனுக்கு நினைவு தப்புகிறது என்று ஒரு காகிதத்தில் ஏறிவிட்டால் மறுநாள் கேட்டில் நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். நான் சபையில் பெரிய ஆள் வேறு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட வேண்டிய பாட்டுகளின் நம்பரைப் பலகையில் மாட்டுவதும், எழுந்து நின்று நம்பரைச் சொல்வதும் நான்தான். பேயை நம்பாத சபையில் இருந்துகொண்டு, எனக்கு வசதி என்பதால் ஒரு பேயை ஊருக்குள் விட்டேன். மணியன் கேட்டபோதுகூட, “ஆமா மக்கா, என்னமோ ஒண்ணு போகுது, நீ அதப் பாக்காத” என்றேன். அவன் என்னை நம்பினான்.

அதற்கப்புறம் கருப்பட்டி மணம் வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்தது. ஊர்க்காரர்கள் கேட் அடைத்திருந்தாலும் சிரித்துக்கொண்டு, “தாசையண்ணே, இது நம்ம வண்டியா, பால்காரன் வண்டியா?” என்று கேட்கத் தொடங்கினார்கள். நானும் சிரித்தேன்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் அது போனில் வந்தது.

அப்போது ஸ்டேஷனில் புதிதாக ஒரு மாஸ்டர் வந்திருந்தார். வடகேரளத்தில் எங்கேயோ ஊர், என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அதுவரை அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, குரல்தான் தெரியும். எனக்கு நினைவு வந்தபோது ரிசீவர் என் காதில் இருந்தது. அந்தக் குரல், “தாஸ் சேட்டா, கேக்குந்நுண்டோ, தாஸ் சேட்டா” என்று, கேட்கிறதா அண்ணா என்று மலையாளத்தில் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். கேட் இரண்டும் மேலே தூக்கி நின்றன. மணியனின் ஆட்டோ தண்டவாளத்தின் மேல் குலுங்கிக்கொண்டு தாண்டியது. பின்னால் இருந்த பிள்ளை ஒன்று எனக்குக் கைகாட்டியது.

ரிசீவரைப் போட்டுவிட்டு ஓடிப்போய் கேட்டை அடைத்தேன். மூச்சு வாங்க உள்ளே வந்து தாளைப் பார்த்து, “முப்பத்தெட்டு சார்” என்றேன்.

“வேண்டா” என்றார். “ஆ நம்பர் எனிக்கு வேண்டா.”

“கேட் அடச்சாச்சு சார். தாள்ல உள்ள நம்பராக்கும்.”

“சேட்டா கொஞ்சம் முன்னாடி எனக்கு வேற நம்பர் தந்நு. நூத்தி நாப்பத்தேழு. நான் திரும்பக் கேட்டப்போ என்ன சொன்னீங்கன்னு தெரியுமா? நூத்தி நாப்பத்தேழாம் பாட்டு, எல்லாரும் எழுந்து நிற்போம்.”

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை பலகையில் நான் மாட்டிய நம்பர் அது.

இனி அவர் செய்ததைக் கவனியுங்கள், இதற்காகத்தான் இந்தக் கதையை உங்களிடம் எடுத்தேன். வண்டி ஸ்டேஷனுக்கு வெளியே நின்று கூவுகிறது. மேலே இருப்பவர்கள் ஏன் தாமதம் என்று அவரைப் போனில் பிடுங்குகிறார்கள். இப்போது கையில் சரியான நம்பர் வந்துவிட்டது, கேட்டும் உண்மையாகவே அடைந்து கிடக்கிறது. வாங்கி எழுதிக்கொண்டு வண்டியை விட்டிருந்தால் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. அவர் அதைச் செய்யவில்லை. என் கேட்டை ஆள் இல்லாத கேட் என்று வைத்துக்கொண்டு, கேட்டுக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு மெள்ளத் தாண்டச் சொல்லி டிரைவருக்கு எழுதிக் கொடுத்தார். எனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்பினார். நம்பர் சரியாக இருந்தது. சொல்கிற ஆள் சரியில்லை என்று முடிவு செய்ய அந்த வயதில் துணிச்சல் வேண்டும்.

மாற்று ஆள் வந்தபிறகு மாஸ்டர் மறுபடி கூப்பிட்டார். குரல் தாழ்ந்திருந்தது.

“இதுக்கு முன்னாடி ரெண்டு தடவ சேட்டா போன்ல ஒண்ணும் மிண்டாம, பேசாம நின்னீங்க. நான் லைன் மோசம்னு விட்டேன். அது என் தப்பு, அதயும் நான் எழுதிக் கொடுக்கும். சேட்டா இன்னைக்கே டாக்டரக் காணணும். நாளைக்கு இல்ல. கூட, இது நடக்கும்போ பாத்த ஒரு ஆளக் கொண்டுபோகணும்.”

“என் வேல போயிரும் சார்.”

“ஆட்டோல எத்தன குட்டிகள் உண்டு?” என்று கேட்டார். நான் ஐந்து என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

பார்த்த ஆள் என்றால் மணியன்தான். ஆட்டோவை வீட்டில் விட்டுவிட்டு என்னோடு பஸ்ஸில் திருவனந்தபுரம் வந்தான், இஸ்திரி போட்ட சட்டையோடு. நரம்பு டாக்டர் ஓர் அம்மா. என்னிடம் முதலில் இரண்டே கேள்வி கேட்டார். முன்னால் ஏதாவது மணம் வருமா, அப்புறம் தலை கனக்குமா. பிறகு நாற்காலியை மணியன் பக்கம் திருப்பிக்கொண்டு, “நீங்கள் பார்த்ததை அப்படியே செய்து காட்டுங்கள்” என்றார்.

மணியன் வெட்கப்பட்டான். பிறகு எழுந்து நின்றான். முகத்தில் இருந்த மணியன் அப்படியே வடிந்து போனான். கண் திறந்திருந்தது, அதில் ஆள் இல்லை. வாய் எதையோ மெல்வது போல அசைந்தது. இடது கை சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருந்தது. தலை மெதுவாக, மிக மெதுவாக, ஒரு பக்கமாகத் திரும்பியது. நான் அறையின் மூலையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அதைப் போல எதற்கும் நான் பயந்ததில்லை.

“எப்போதும் வலது பக்கம்தானா?” என்று டாக்டர் கேட்டார்.

மணியன் யோசித்தான். “ஆமா டாக்டர். எப்பளும் வலத்தோட்டுதான். திருவனந்தபுரம் போற வண்டியாக்கும். நாகர்கோவில் பக்கம் ஒண்ணும் போனதில்ல.”

“அது வண்டி இல்லை. வலிப்பு” என்றார் டாக்டர். விழாமல், வெட்டாமல் வருகிற வலிப்பு. மூளையில் ஓரிடத்தில் கோளாறு தொடங்கும்போது அந்த மணம் வருகிறது, பிறகு நினைவு அறுந்துவிடுகிறது, தலை ஒரே பக்கமாகத் திரும்புகிறது. பழகிய வேலையைக் கை செய்தாலும் செய்யும், செய்யாமல் விட்டாலும் விடும். அது தெளிந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆள் முழுதாகத் திரும்பி வருவதில்லை. தலையில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ஒரு பழைய சின்னத் தழும்பு. மாத்திரை தந்தார்கள். கேட் வேலைக்குத் தகுதி இல்லை என்று எழுதினார்கள். பிறகு ஸ்டோரில் உட்கார வைத்தார்கள், ஓய்வு பெறும்வரை போல்ட்டு எண்ணினேன். சம்பளம் வந்தது, மகள் படித்து முடித்தாள். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. கேட் போனதற்கு மட்டும் ரொம்ப நாள் அழுதேன், அதை மறைக்க மாட்டேன்.

ஆகவே பிள்ளைகளே, கொஞ்ச நேரம் உங்களிடம் இல்லாமல் போனால், ஒரே ஒரு தடவை என்றாலும், அதை அனுபவம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே மேலே சொல்லுங்கள். டாக்டர் சொல்லும்வரை கேட், வண்டி, ஏணி, கிணற்றங்கரை எதற்கும் போகாதீர்கள். உங்களுக்கு நடந்ததை உங்களால் சொல்ல முடியாது, பார்த்தவரைக் கூட்டிப்போங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு வந்தால் செல்போனில் படம் பிடியுங்கள், நேரம் பாருங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, ஆள் தெளியும் முன்னே மறுபடி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் சோர்ந்தாலோ ஜெபத்தையும் கயிற்றையும் அப்புறம் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். சக வேலைக்காரனைக் காப்பாற்றுவதாக நினைத்து மூடி மறைக்காதீர்கள்.

இதை ஒரு கட்டளையாகவே சொல்லிவிட்டு இங்கே நிறுத்தியிருப்பேன். ஆனால் டாக்டர் கடைசியாக இன்னொன்று கேட்டிருந்தார். கேட் திறந்திருக்கும்போது வண்டி போனது உண்டா என்று. “என் சர்வீஸில் இல்லை டாக்டர், ரிஜிஸ்டரைப் பார்க்கலாம்” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மணியன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தான்.

திரும்பி வரும்போது பஸ் பாலராமபுரம் சந்திப்பில் நெரிசலில் நின்றது. மணியன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினான்.

“அண்ணே, கோவப்படப்பிடாது. போன மாசம் ஒரு புதனாழ்ச்ச. கேட் ரெண்டும் மேலதான் நின்னுது. நீங்க கொடியப் பிடிச்சிட்டு அந்த நிப்பு நிக்கிய. வாய் மெல்லுது. நான் நெனச்சேன், இது பால்காரன் வண்டியாக்கும், நமக்கென்னன்னு. ஆட்டோவ முன்ன எடுத்தேன்.”

“எலே, பிள்ளைங்க?”

“உள்ள உண்டு. அஞ்சும். முன் டயர் தண்டவாளத்துல ஏறப் போச்சு. பின்னால அந்தச் சின்னது, அது ஊருக்குப் புதுசு, இந்தக் கதயொண்ணும் அதுக்குத் தெரியாது. மாமா, வண்டி வருதுன்னு கத்திச்சு.” பிறகு என் பக்கம் திரும்பினான். “அன்னைக்கு நெசமாவே வந்துது அண்ணே.”

“ஏன்லே சொல்லல்ல?”

“சொன்னா உங்க வேல போயிருமே.”

பஸ் நகர்ந்தது. 

ஸ்டோருக்கு மாறிய பிறகு, பழைய ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கி அந்தப் புதன்கிழமைப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். நம்பர் சொல்லிக் கோடு போட்டிருந்தது. கேட் அடைத்துப் பூட்டிய நேரம் எழுதியிருந்தது. திறந்த நேரமும் எழுதியிருந்தது. என் கையெழுத்துத்தான். ஒரு பிழை இல்லை.